லுபிட்டாவின் இரண்டு குரல்கள்

வேங்கிக்காலில் என் வீட்டுக்கு யார் வந்தாலும் பேச்சு கடைசியில் லுபிட்டா நியாங்கோவிடம்தான் போய் நிற்கும். கென்யா நாட்டுப் பெண், ஹாலிவுட்டில் நடிக்கிறார் என்று சுருக்கமாகச் சொல்லி முடிக்க எனக்கு மனசே வராது.

2018இல் ‘பிளாக் பாந்தர்’ தமிழில் வந்தபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். அன்று கேட்டது டப்பிங் குரல். சொந்தக் குரல் காதில் விழுந்தது ‘அஸ்’ படத்தில். ஜோர்டன் பீல் இயக்கி 2019இல் வந்த திகில் படம். ஐயோ, என்ன நடிப்பு! இரட்டை வேடம் நமக்குப் புதிதில்லை. எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து பார்க்கிறோம், ஒரு மீசை, ஒரு மச்சம் போதும், இன்னொரு ஆள் வந்துவிடுவார். இங்கே அடிலெய்ட் என்கிற தாயும், பூமிக்கு அடியில் வாழ்ந்து மேலே வரும் ரெட்டும் ஒரே முகம். ரெட் வாயைத் திறந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தொண்டையை யாரோ நெரிப்பது போல, ஒவ்வொரு சொல்லும் கிழிந்து கிழிந்து வருகிறது. குரல் தசைகள் இறுகிப்போகும் ஒரு கோளாறிலிருந்து அதை எடுத்ததாக அவரே சொன்னார். அந்தக் கோளாறு உள்ளவர்கள் வருந்தியதும் மன்னிப்புக் கேட்டார். அதற்காகவும் எனக்கு அவரைப் பிடிக்கும். நடை வேறு, கழுத்து திரும்புவது வேறு. புரிசைக் கூத்துக்காரர்கள் அடவிலேயே ஆளை மாற்றிக் காட்டுவார்களே, அந்த வித்தைதான். அரிதாரம் மட்டும் இல்லை.

இந்த நடிப்புக்கு ஆஸ்கர் பரிந்துரைகூட இல்லை என்பதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. நியூயார்க் திரைப்பட விமர்சகர்கள் வட்டம் சிறந்த நடிகை விருது கொடுத்தது. அவர்களுக்குக் கண் இருக்கிறது.

லுபிட்டா பிறந்தது 1983இல், மெக்சிகோவில். அப்பா அங்கே பேராசிரியர், பிறகு கென்ய அரசியலில் பெரிய பெயர். வளர்ந்தது கென்யாவில். சினிமாவில் நுழைந்தது நடிகையாக இல்லை, படப்பிடிப்பில் ஓடியாடும் உதவியாளராக. மீரா நாயரின் ‘தி நேம்சேக்’கிலும் அப்படித்தான் வேலை பார்த்தார். பிறகு யேல் நாடகப் பள்ளி. 2012இல் படிப்பு முடிந்த கையோடு ‘12 இயர்ஸ் எ ஸ்லேவ்’. 2014 மார்ச்சில் ஆஸ்கர் கையில்! நடிப்புக்கு ஆஸ்கர் வாங்கிய முதல் கென்யர்.

அதே மீரா நாயர் 2016இல் ‘குயீன் ஆஃப் காட்வே’க்கு அவரையே அழைத்தார். கம்பாலாவின் சேரியில் ஒரு சிறுமி செஸ் வீராங்கனை ஆகும் உண்மைக் கதை. கணவனை இழந்த தாயாக லுபிட்டா. மகள் இந்த விளையாட்டை நம்பிப் பிறகு ஏமாந்து நிற்பாளோ என்ற பயம் அந்தக் கண்ணில் ஓடும் பாருங்கள்! பிள்ளையைப் போட்டிக்கு அழைத்துப்போய், மண்டபத்துக்கு வெளியே காத்திருக்கும் நம்மூர் அம்மாக்களுக்கு அந்தப் பார்வையை விளக்க வேண்டியதே இல்லை.

வீட்டில் செஸ் ஆடும் பிள்ளை இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே ‘குயீன் ஆஃப் காட்வே’ போட்டு, குடும்பமாக உட்கார்ந்து பாருங்கள். ‘அஸ்’ படத்தைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள், ஆனால் கட்டாயம் பாருங்கள்.