கனமும் மகிமையும்

எபிரெயத் திருமறையில் 'காபோத்' என வரும் சொல்லை, 1871இல் பவர் ஐயர் தலைமையில் நிறைவுற்ற நம் பழைய மொழிபெயர்ப்பு 'மகிமை' என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'மாட்சி' என்கிறது. இரண்டும் பிழையான சொற்கள் அல்ல. எனினும், அவை மூலச்சொல்லின் ஒரு கூற்றை விளக்கி மற்றொன்றை மறைத்துவிடுகின்றன. அவ்வாறு மறைந்ததனால் நம் பிரசங்க மேடைக்கு நேர்ந்துள்ள இழப்பையே ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

'காபோத்' பிறந்த வேரின் முதற்பொருள் பாரம்; ஒளி அன்று. 1 சாமுவேல் நான்காம் அதிகாரத்தில், இருக்கையினின்று விழுந்து மடிந்த ஏலியின் உடற்பாரத்தைக் குறிக்கும் சொல் இவ்வேரிலிருந்து வந்ததே. அதே அதிகாரத்தின் முடிவில் அவன் மருமகள் தன் பிள்ளைக்கு இக்கபோத் என்று பெயரிடுகிறாள். யாத்திராகமத்தில் பார்வோனின் இருதயம் பாரமாகிறது. அவனால் கடலருகே தாம் மகிமைப்படப் போவதாகக் கர்த்தர் மோசேக்கு அறிவிக்கிறார். இரண்டிற்கும் வேர் ஒன்றே. ஓரிடத்தில் 'கடினம்' என்றும் மற்றோரிடத்தில் 'மகிமை' என்றும் வாசிக்கும் தமிழர்க்கு இத்தொடர்பு புலப்படுவதில்லை.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. 'கனம்' என்னும் சொல் நிறையையும் மதிப்பையும் ஒருங்கே குறிக்கும். பெற்றோரைக் குறித்த கட்டளையில் பழைய மொழிபெயர்ப்பு 'கனம்பண்ணு' என்றபோது மூலத்தின் வேரையே தொட்டுவிட்டது. போதகரின் பெயர்முன் 'கனம்' என்று எழுதிய நம் முன்னோர்க்கும் இச்சொல்லின் இருபொருள் தெரியும். 'மகிமை'யோ பெருமையைக் குறிப்பது. அட்டமா சித்திகளுள் மகிமா என்பது பேருருக் கொள்ளுதல். அவ்வரிசையிலேயே கரிமா என்பது பாரம் மிகுதல். வேர்ப்பொருளை நோக்கின், எபிரெயர் மனத்திற்கு அண்மையில் நிற்பது கரிமாவே. 'மாட்சி' என்பது குறளின் 'இறைமாட்சி' அதிகாரத்தை நினைவூட்டி, அரசற்குரிய சிறப்பைக் குறிக்கிறது. 24ஆம் சங்கீதத்திற்கு அது பொருந்தும். ஏலியின் வீட்டுத் துயரத்திற்குப் போதாது.

இக்குறையை மிகுவிப்பது, அண்மைக்காலப் பிரசங்கங்களில் பயிலும் 'ஷெக்கினா மகிமை' என்னும் தொடர். 'ஷெக்கினா' என்னும் பெயர்ச்சொல் எபிரெயத் திருமறையில் யாண்டும் இல்லை. அது பிற்கால யூத ரபிமாரின் வழக்கு. திருமறையில் உள்ளது 'குடியிருத்தல்' என்னும் வினையும், அதனின்று பிறந்த 'மிஷ்கான்' என்னும் கூடாரப் பெயருமே. ரபிமார் அச்சொல்லால் சிறையிருப்பிலும் தம் மக்களோடு செல்லும் தேவசமுகத்தைப் போற்றினர். நாமோ அதனை ஆலயத்தினுள் தோன்றும் ஒளிப்பிழம்பாக்கி விட்டோம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்குச் சாந்தோம் சான்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, அப்போஸ்தலனாகிய தோமாவின் கல்லறைமேல் எழுந்ததாகப் போற்றப்படும் பேராலயத்தினுள் கடல் புகவில்லை. கடல் இதனைக் கடவாது என்று தோமா நாட்டியதாகச் சொல்லப்படும் கம்பமே அதற்குக் காரணம் என்று பலர் நம்பினர். ஆனால் தெற்கே சிறிது தொலைவிலுள்ள சீனிவாசபுரத்து மீனவர் குடிசைகளை அதே கடல் வாரிச் சென்றது. உயிர்களும் மாண்டன. சீர்திருத்த மரபினராகிய நாம் கம்பத்தைக் குறித்து நகைத்தல் எளிது. ஆயினும், நம் ஆலயம் தப்பியது, நம் குடும்பம் தப்பியது, ஆகவே மகிமை நம்மோடிருந்தது என்று சாட்சி கூறும் வழக்கம் நம்மிடத்தும் உண்டன்றோ? அங்ஙனமாயின் குடிசை இழந்தவரிடத்து மகிமை இல்லை என்று கூறத் துணிவோமா?

எசேக்கியேல் இதற்கு விடை தருகிறார். அவர் மகிமையை முதலிற் கண்டது எருசலேமில் அன்று. கேபார் நதியருகே, வீடிழந்தோர் நடுவில். பின்னர் அம்மகிமை, அநீதி நிறைந்த ஆலயத்தின் வாசற்படியைக் கடந்து, நகரத்திற்குக் கிழக்கேயுள்ள மலைமேல் நிற்கக் காண்கிறார். ஆலயம் தங்களைக் காக்கும் என்றிருந்தோரை எரேமியாவும், சீலோவைச் சென்று பார்க்கும்படி எச்சரித்தார். சாலொமோனின் ஆலயத்தை மகிமை நிரப்பியது உண்மையே. வானங்களும் கொள்ளாதவரை இவ்வீடு கொள்ளுமோ என்று அன்றே அவன் வினவியதும் உண்மையே.

ஆகவே, அந்நாளில் அப்பேராலயத்தின் மேன்மையைச் சுவர்களில் அன்றி, அது தன் கதவுகளைத் திறந்து அலைக்குத் தப்பி வந்தோர்க்குப் புகலிடம் அளித்ததிலேயே காண்கிறோம். வார்த்தையானவர் நம் நடுவே கூடாரமிட்டார், அவர் மகிமையைக் கண்டோம் என்று யோவான் அறிவிக்கும்போது, அம்மகிமை சிலுவையின் பாரத்தைத் தவிர்க்கவில்லை, அதனையே சுமந்தது.

'மகிமை' என்னும் சொல்லை நீக்கவேண்டும் என்பது நம் கருத்தன்று. அது தலைமுறைகளின் நாவில் ஊறியது. அதனை வாசிக்கும் போதகர், அதனுள் கனம் உண்டு என்று சபைக்கு உணர்த்துவாராக. துக்க வீட்டின் திண்ணையில் அமரும்போது ஒளியைப் பற்றிப் பேச நமக்கு வாய் எழுவதில்லை. ஆனால் அங்கே நம்மேல் அமரும் பாரத்தைத் தேவசமுகம் அறியும் என்று சொல்ல, திருமறை நமக்கு இடம் தருகிறது.