மூடியில் இருக்கிறது சூட்சுமம்

அமெரிக்காவில் ஸ்டான்லி என்ற பெயர் பொறித்த எவர்சில்வர் பாத்திரங்களுக்கு இருக்கும் கியாதி சாமானியமானதன்று. வில்லியம் ஸ்டான்லி என்பவர் 1913-ஆம் ஆண்டில் கண்ணாடிக்குப் பதிலாக முழுவதும் எஃகால் ஆன வெற்றிடக் குப்பியை அமைத்தது தொடங்கி, 2023-இல் தீப்பற்றி எரிந்துபோன ஒரு காருக்குள் அந்த ஸ்தாபனத்தின் பெருங்குவளை ஒன்று உள்ளேயிருந்த பனிக்கட்டிகூட முற்றும் கரையாமல் மீண்டதை அதன் சொந்தக்காரி படம்பிடித்துக் காட்ட, ஸ்தாபனத் தலைவரே அவருக்குப் புதுக் கார் வாங்கித் தருவதாக அறிவித்தது வரையில், அந்தக் கியாதி எல்லாம் எஃகுச் சுவரைப் பற்றியதாகவே வளர்ந்து வந்திருக்கிறது. மூடியைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. 2024 டிசம்பர் 12 அன்று பேச வேண்டியதாயிற்று.

அன்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மூலம் வெளிவந்த அறிவிப்பின்படி, ‘ஸ்விட்ச்பேக்’, ‘டிரிகர் ஆக்‌ஷன்’ என்னும் இரண்டு வகைப் பிரயாணக் குவளைகள், அந்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 26 லட்சம், திரும்பப் பெறப்பட்டன. குடிக்கும்போது மூடி கழன்றுவிடுகிறது என்று உலகெங்கிலுமிருந்து 91 புகார்கள். சூடுபட்டுப் புண்ணானவர்கள் 38 பேர். அவர்களில் 11 பேர் வைத்தியம் செய்துகொள்ளும்படி நேர்ந்தது.

நான் கையாண்டு பார்த்தது டிரிகர் ஆக்‌ஷன் வகையில் 16 அவுன்ஸ், அதாவது சுமார் 473 மில்லி கொள்ளும் குவளை. நம் வீட்டுத் தம்ளரால் மூன்று தம்ளர் காபி தாராளமாகப் பிடிக்கும். ஒரு கையால் குவளையைப் பற்றியபடியே விரலால் விசையை அழுத்தினால் வாய்த் துவாரம் திறக்கிறது. விரலை எடுத்தால் தானே மூடிக்கொள்கிறது. மற்றொரு கைக்கு வேலையே இல்லாத இந்தச் சௌகரியத்துக்காகவே காரோட்டிகளும், காலையில் ரயில் பிடிக்க ஓடுகிறவர்களும் இதை விரும்பி வாங்கினார்கள் என்பதில் ஆச்சரியமில்லை. வெளிச்சுவரைத் தொட்டால் உள்ளே கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருக்கிறது என்பதே தெரியாது. இரட்டைச் சுவர், நடுவே வெற்றிடம், பிடிப்பதற்கு அடக்கமான உருவம் என்று இவ்வளவுக்கும் முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம்.

ஆனால் மூடியைத் திருகும்போது கவனித்துப் பாருங்கள். காபியை ஊற்றிவிட்டுத் திருகுகையில், பைக்குள் சாய்ந்தால் சிந்திவிடுமோ என்ற பயத்தினால், கடைசிச் சுற்றில் கை தன்னையறியாமல் வேண்டியதற்கு மேல் முறுக்கிவிடுகிறது; எல்லா மனிதரும் செய்வது அதுதான். குவளை எஃகு, மூடியோ பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக். உஷ்ணம் பட்டால் இந்தப் பிளாஸ்டிக் எஃகைக் காட்டிலும் பல மடங்கு விரியும் இயல்புடையது. அப்படி விரிய முயலுகையில் இறுக்கத்தின் நிர்ப்பந்தமும் சேர்ந்துகொண்டால் பழைய வடிவத்துக்கு அது திரும்புவது நிச்சயமில்லை. உஷ்ணமும் முறுக்கு விசையும் சேர்ந்து மூடியின் மரையைச் சுருக்கிவிடுகின்றன என்பதே அறிவிப்பில் சொல்லப்பட்ட காரணம். மரை சுருங்கினால் பிடி தளரும். இறுக மூடவேண்டும் என்று நாம் காட்டும் ஜாக்கிரதையே மூடியைத் தளர்த்துகிறது என்றால், குற்றம் உபயோகிப்பவரைச் சேர்ந்ததன்று, அமைப்பைச் சேர்ந்தது.

இதில் மற்றொரு விசேஷமும் உண்டு. சாதாரணத் தம்ளரில் ஊற்றிய காபி சிறிது நேரத்தில் ஆறிப்போகிறது; தவறிக் கொட்டினாலும் பெரும்பாலும் தோல் சிவப்பதோடு போகும். 60 டிகிரி உஷ்ணமுள்ள நீர் ஐந்தாறு விநாடிகள் பட்டாலே பெரியவர்களுக்கும் ஆழமான புண் உண்டாகும் என்பது வைத்தியர்கள் அறிந்த விஷயம்; இந்தக் குவளையின் பெருமையோ அந்த உஷ்ணத்துக்குக் கீழே இறங்காமல் நெடுநேரம் காத்து நிற்பதுதான். மேலும், மூடி கழல்வது குவளை நிமிர்ந்து நிற்கும்போதன்று, வாய்க்குச் சாய்க்கும்போது. அப்போது அதற்கு நேர் எதிரே இருப்பவை முகமும் கழுத்தும் மார்பும்.

பரிகாரமாக ஸ்தாபனம் புது மூடியை இலவசமாக அனுப்புகிறது. குவளையை நாமே வைத்துக்கொள்ளலாம். இருபது முதல் ஐம்பது டாலர் வரை கொடுத்து வாங்கிய நல்ல எஃகைக் குப்பையில் போடச் சொல்லாமல், கெட்டதை மட்டும் மாற்றித் தருவது நியாயமான ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் 2016 ஜூன் முதல் 2024 டிசம்பர் வரை, எட்டரை ஆண்டுக் காலம், இவை கடைகளில் விற்றுக்கொண்டே இருந்தன என்பதை எண்ணும்போது அந்த நியாயத்தின் பாதி மதிப்பு குறைந்துவிடுகிறது. மூடியினால் வந்த வினை இது ஒன்றோடும் முடியவில்லை. 2025 ஜூலையில் வால்மார்ட் தன் ‘ஓசார்க் டிரெயில்’ தண்ணீர்க் குப்பிகளில் சுமார் எட்டரை லட்சத்தைத் திரும்பப் பெற்றது. புளிக்கக்கூடிய பானங்களை நெடுநேரம் உள்ளே வைத்துத் திறக்கையில் மூடி வேகமாகத் தெறித்து, இருவர் நிரந்தரமாகப் பார்வை இழந்தார்கள். அங்கே காரணம் வேறு. அலட்சியம் செய்யப்பட்ட உறுப்பு மட்டும் அதேதான்.

ஆகவே, அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையோ மருமகளோ அன்போடு கொடுத்த ஸ்டான்லி குவளை உங்கள் வீட்டில் இருந்தால், அதைக் காலி செய்துவிட்டுக் கவிழ்த்து, அடியில் உள்ள 20 என்று தொடங்கும் அடையாள எண்ணைப் பார்த்து, ஸ்தாபனத்தின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். மேலே சொன்ன தீயில் பிழைத்த ‘குவென்ச்சர்’ வகை இதில் சேராது; அதை வைத்திருப்பவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. பட்டியலில் உங்கள் எண் இருக்குமானால், புது மூடி வந்து சேரும் வரையில் அந்தக் குவளையை எடுக்காதீர்கள்.