பிளாஸ்மாதான் காப்பாத்துச்சா? பிளாசிட் ஆய்வறிக்கை மீது ஒரு விமர்சனம்

2021 மே 9, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலையிலிருந்து தமிழ்நாடு முழுக்க ஊரடங்கு. எங்க மாமா, அதாவது அம்மாவோட தம்பி, ஒரு தனியார் மருத்துவமனையில் ஆக்ஸிஜனில் இருந்தார். நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயசு 61. காலை பத்து மணிக்கு அங்கிருந்து போன் வந்தது: "பி பாசிட்டிவ் பிளாஸ்மா ஏற்பாடு பண்ணுங்க. இன்னைக்கே வேணும்."

குறிஞ்சிப்பாடியில் எனக்குத் தெரிந்த அத்தனை வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். மதியம் வடலூரிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். செல்போன் கடை வைத்திருப்பவர், மார்ச்சில் கொரோனா வந்து குணமானவர். என்னை முன்பின் தெரியாது. "நான் வர்றேண்ணே"ன்னு ஒரே வார்த்தைதான் சொன்னார். காரில் கூட்டிட்டுப் போனேன். மாமாவுக்கு அடுத்தடுத்த நாட்களில் இரண்டு பை ஏற்றினார்கள். மூன்றாவது வாரம் வீட்டுக்கு வந்துவிட்டார், இப்பவும் நல்லா இருக்கார். "வடலூர் தம்பி கொடுத்த பிளாஸ்மாதான் காப்பாத்துச்சு" என்பதுதான் எங்க வீட்டுக் கதை. வருஷா வருஷம் தீபாவளிக்கு அந்தக் கடைக்கு எங்க வீட்டிலிருந்து இனிப்பு போகும்.

பக்கத்துக் கட்டிலில் பண்ருட்டிக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்குப் பிளாஸ்மா கொடுத்தது அவருடைய சொந்த மகன். அவர் பிழைக்கவில்லை. ஒரு மாசம் கழித்து அந்த மகனிடம் பேசினேன். "என் பிளாஸ்மாவுல எதிர்ப்புச் சக்தி கம்மியா இருந்திருக்குமோ சார்?"னு கேட்டார். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

நான் டாக்டர் இல்லை. பி.இ. முடிச்சு இருபது வருஷமா சாஃப்ட்வேர் எழுதுறவன். ஆனா அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பிளாசிட் ஆய்வறிக்கையைப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததும் முதலில் கண்ணில் பட்டது தேதி. பி.எம்.ஜே. மருத்துவ இதழில் அது வெளியானது 2020 அக்டோபர் 22. நான் பிளாஸ்மாவுக்கு அலைந்த நாளுக்கு ஆறரை மாதம் முன்னாடி.

என்ன செய்தார்கள்?

பிளாசிட் ஆய்வை நடத்தியது நம்ம ஐ.சி.எம்.ஆர். ஆசிரியர்களில் ஒருவரான தருண் பட்நாகர், சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். நாடு முழுக்க 39 மருத்துவமனைகள், 2020 ஏப்ரல் 22 முதல் ஜூலை 14 வரை, 464 நோயாளிகள். எல்லாருமே நடுத்தரத் தீவிரத்தில், அதாவது எங்க மாமா மாதிரி மூச்சுத்திணறலோடு இருந்தவர்கள்.

யாருக்குப் பிளாஸ்மா என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை, நோயாளியும் முடிவு செய்யவில்லை. குலுக்கல்தான் முடிவு செய்தது. 235 பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு 200 மில்லி பிளாஸ்மா இரண்டு தடவை. 229 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 28 நாளுக்குள் நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள் எத்தனை பேர்? பிளாஸ்மா குழுவில் 44 பேர், 19 சதவீதம். மற்ற குழுவில் 41 பேர், 18 சதவீதம். இறப்பு மட்டும் பார்த்தால் 34, 31. அதாவது பிளாஸ்மா ஏற்றிய நூறு பேரில் 85 பேர் பிழைத்தார்கள், ஏற்றாத நூறு பேரில் 86 பேர்.

எங்க வீட்டுக் கதை எங்கே உடைகிறது என்று இப்போ தெரியும். பிளாஸ்மா ஏற்றியவர்களில் பெரும்பாலானோர் பிழைத்தார்கள் என்பது உண்மைதான். ஏற்றாதவர்களிலும் அதே அளவு பிழைத்தார்கள். இந்த இரண்டாவது வரி வாட்ஸ்அப்பில் வராது. பிளாஸ்மா ஏற்றாமல் வீடு திரும்பியவரை யாரும் போட்டோ எடுத்துப் போடுவதில்லை.

எண்ணிக்கை பெரிதாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு உதாரணம். அமெரிக்காவில் 2020 ஆகஸ்ட் வாக்கில் 70,000 பேருக்கு மேல் பிளாஸ்மா ஏற்றியிருந்தார்கள், ஆனால் அதில் குலுக்கல் இல்லை, பிளாஸ்மா பெறாத ஒப்பீட்டுக் குழு இல்லை. அந்தத் தரவை வைத்து ஆகஸ்ட் 23 அன்று அவசர அனுமதி கொடுத்தார்கள். நூறு நோயாளிகளில் 35 பேரைப் பிளாஸ்மா காப்பாற்றியிருக்கும் என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் தலைவர் ஸ்டீபன் ஹான் மேடையில் சொன்னார். மறுநாளே, தான் சொன்ன விதம் தவறு என்று ஒப்புக்கொண்டார். குலுக்கல் இல்லாத 70,000 பேர் சொல்ல முடியாத ஒன்றை, குலுக்கிய 464 பேர் சொன்னார்கள். இந்த ஆய்வின் பெரிய பலம் அதுதான். நாடே பயந்து கிடந்த முதல் மூன்று மாதத்தில், 39 இடங்களில் இதை ஒழுங்காக நடத்தியது சாதாரண வேலை இல்லை.

குறைகள்

பாராட்டோடு விட்டால் அது விமர்சனம் இல்லை. எனக்குப் பட்ட குறைகள் மூன்று.

முதலாவது, அளவு. இந்த ஆய்வு தன்னை இரண்டாம் கட்டப் பரிசோதனை என்றே அழைத்துக்கொள்கிறது. பொதுவாக முதல் கட்டத்தில் சிலருக்குக் கொடுத்து மருந்து பாதுகாப்பானதா என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் சரியான அளவு எது, பலன் இருக்கும் போலத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில்தான் பெரிய எண்ணிக்கையில், ஒப்பீட்டுக் குழுவோடு, கடைசிக் கேள்வியைக் கேட்பார்கள்: ஆள் பிழைக்கிறாரா? பிளாசிட் கேட்டது மூன்றாம் கட்டக் கேள்வி. கையில் இருந்தது இரண்டாம் கட்ட எண்ணிக்கை. இரு குழுவுக்குமான ஆபத்து விகிதம் 1.04 என்று வந்தாலும், அதன் நம்பக எல்லை 0.71 முதல் 1.54 வரை. பேச்சுத் தமிழில் சொன்னா, பிளாஸ்மா ஆபத்தைக் கால்வாசிக்கு மேல் குறைக்கவும் வாய்ப்பு இருக்கு, பாதியளவு கூட்டவும் வாய்ப்பு இருக்கு. "பலன் இல்லை" என்று தலைப்பு போட்டவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

இரண்டாவது, யாருக்குப் பிளாஸ்மா என்பது எல்லாருக்கும் தெரியும். ஏழாம் நாளில் மூச்சுத்திணறல் தீர்ந்தவர்கள் பிளாஸ்மா குழுவில் 76 சதவீதம், மற்ற குழுவில் 66 சதவீதம். ஆனால் "எனக்கு ஸ்பெஷலா ஒண்ணு ஏத்தியிருக்காங்க" என்று தெரிந்த நோயாளி "இப்போ பரவாயில்ல டாக்டர்" என்று சொல்ல வாய்ப்பு அதிகம். சரி, வைரஸ் பொய் சொல்லாதே? ஏழாம் நாளில் பரிசோதனை நெகட்டிவ் ஆனவர்களும் பிளாஸ்மா குழுவில்தான் அதிகம். ஆனாலும் இறப்பு குறையவில்லை. எனக்கு இந்த ஆய்வில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். நடுவில் இருக்கும் ஒரு அளவுகோல் நல்லா மாறியதால் முடிவும் நல்லா இருக்கும் என்று நினைக்கிறோம். சாஃப்ட்வேரில் எல்லா டெஸ்டும் பாஸ் ஆகும், கஸ்டமர் இடத்தில் போய் விழும். அது மாதிரி.

மூன்றாவதுதான் பெரிய குறை. ஆய்வு தொடங்கும்போது, கொடையாளரின் பிளாஸ்மாவில் எதிர்ப்பான்கள் எவ்வளவு இருக்கு என்று அளந்து பார்த்து ஏற்றவில்லை. சேமித்து வைத்த மாதிரிகளைப் பிறகுதான் அளந்தார்கள். பாதிக் கொடையாளர்களின் அளவு 1:40 அல்லது அதற்கும் கீழே. உடனே எதிர்வாதம் வந்தது: "நீங்க ஏத்தினது சத்தில்லாத பிளாஸ்மா, அதான் வேலை செய்யல." பண்ருட்டி மகன் என்னிடம் கேட்ட அதே கேள்வி!

இந்த மூன்று குறைக்கும் பெரும்பாலும் பதில் சொன்னது இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு. எதிர்ப்பான் அதிகம் இருக்கும் பிளாஸ்மாவாக அளந்து எடுத்தார்கள். 11,558 நோயாளிகள், அதே குலுக்கல். பிளாஸ்மா பெற்ற 5,795 பேரில் 1,399 பேர் இறந்தார்கள். பெறாத 5,763 பேரில் 1,408 பேர். இரண்டும் 24 சதவீதம். நம்பக எல்லை 0.93 முதல் 1.07 வரை சுருங்கிவிட்டது. யாருக்குப் பிளாஸ்மா என்பது இங்கும் வெளிப்படைதான். ஆனால் அளந்தது மரணத்தை, நோயாளியின் சொல்லை இல்லை. இனி சேர்ப்பதில் பயன் இல்லை என்று இந்தப் பிரிவில் நோயாளிகளைச் சேர்ப்பதை 2021 ஜனவரி 15 அன்றே நிறுத்திவிட்டார்கள். நான் வடலூருக்கு கார் எடுத்தது மே 9.

ஆய்வுக்கு அப்புறம் நடந்தது

என் உண்மையான விமர்சனம் அறிக்கையின் மேல் இல்லை, அது வெளியான பிறகு நடந்ததன் மேல். 2020 நவம்பரில் ஐ.சி.எம்.ஆர். ஒரு அறிவுரை வெளியிட்டது. பிளாஸ்மாவைக் கண்டபடி பயன்படுத்த வேண்டாம், தொடக்க நிலையில் மட்டும், எதிர்ப்பான் அளந்து பார்த்து என்று. நிறுத்தச் சொல்லவில்லை. தேசிய வழிகாட்டுதலிலும் "ஏழு நாளுக்குள்" என்ற நிபந்தனையோடு பிளாஸ்மா தொடர்ந்தது. தன் சொந்த ஆய்வு சொன்னதைத் தானே முழுசாக நம்பாத மாதிரி இருந்தது அது. கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால், இரண்டாவது அலையில் கூட்டம் அதை உடைத்துக்கொண்டுதான் போகும். மாமாவுக்கு அன்றைக்கு காய்ச்சல் ஆரம்பித்துப் பத்தாவது நாள். அந்த ஏழு நாள் எல்லையைக்கூடத் தாண்டியிருந்தார். யாரும் அதைச் சொல்லல. எனக்கும் கேட்கத் தெரியல. வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மாவை நீக்கியது மே 17, எட்டு நாள் கழித்து.

இதே சென்னையில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. காசநோய்க்கு சானடோரியம்தான் வழி என்று உலகமே நம்பிய காலத்தில், 1956-ல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டிலேயே மாத்திரை சாப்பிடுபவர்களையும் சானடோரியத்தில் இருப்பவர்களையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டது. சானடோரியத்தில் சாப்பாடும் ஓய்வும் அதிகம். ஆனாலும் குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. 1959-ல் முடிவு வெளியானது, காசநோய் சிகிச்சையே மெல்ல மெல்ல வீட்டுக்கு மாறியது. ஒரு ஆய்வின் முடிவை ஏற்றுக்கொண்டு நடைமுறையை மாற்றுவது நமக்குப் புதுசு இல்லை.

இன்னொரு விஷயம். மாமாவின் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்தேன். அதில் டெக்ஸாமெத்தசோன் ஊசி இருக்கிறது. 1950-களின் கடைசியிலிருந்து புழக்கத்தில் இருக்கும் விலை குறைந்த ஸ்டீராய்டு. அதே ரெக்கவரி ஆய்வில், வெண்டிலேட்டர் இல்லாமல் ஆக்ஸிஜனில் இருந்தவர்களின் இறப்பை 26.2 சதவீதத்திலிருந்து 23.3 ஆகக் குறைத்த மருந்து. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அது எந்தப் பலனும் தரவில்லை, அங்கே இறப்பு 14.0-க்கு 17.8 என்று கூடுதலாகவே இருந்தது. அதனால்தான் யாருக்கு என்பதும் ஆய்வு சொல்ல வேண்டிய விஷயம். எங்க குடும்பக் கதையில் இந்த ஊசி வருவதே இல்லை. அதுக்காக யாரும் அலையல, வரிசையில் நிக்கல, யாருக்கும் ஸ்வீட் கொடுக்கல. அதுதான் மாமாவைக் காப்பாத்துச்சுன்னும் நான் சொல்ல மாட்டேன். நூறு பேரில் மூணு பேர் என்றால் அந்த மூணு பேர் யார் யார் என்று எந்த ஆய்வும் பெயர் சொல்லாது.

அடுத்த முறை "புது மருந்து, சூப்பரா வேலை செய்யுது" என்று செய்தி வந்தால் நான் பார்ப்பது இவ்வளவுதான்: மருந்து பெறாத குழு இருந்ததா, யாருக்கு என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்களா, அளந்தது உயிரையா இல்லை நடுவில் இருக்கும் ஒரு எண்ணையா. இந்தியாவில் நடக்கும் மருந்துப் பரிசோதனைகளைப் பதிவு செய்யும் அரசுப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது. மருந்தின் பெயரைப் போட்டுத் தேடினால் எந்தக் கட்டம், எத்தனை பேர், எதை அளக்கப் போகிறார்கள் என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

போன தீபாவளிக்கு ஸ்வீட் கொடுக்கப் போனப்போ வடலூர் தம்பியிடம் இதெல்லாம் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று பாதியில் தோணுச்சு. பொறுமையாகக் கேட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்போ அந்த பண்ருட்டி அண்ணன்கிட்ட முதல்ல சொல்லுங்கண்ணே. அவர் பிளாஸ்மா சரியில்லாததால அவங்க அப்பா சாகலைன்னு" என்றார்.

அவர் நம்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுதி முடிச்சதும் முதலில் அவருக்குத்தான் அனுப்பப் போறேன். எண்களில் எங்காவது தப்பு இருந்தா படிக்கிறவங்க சொல்லுங்க, திருத்திடறேன்.