டோரிஸ் டே: அடக்கிப் பாடும் குரலை ரசிப்பது எப்படி?

டோரிஸ் டே என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பொன்னிறக் கூந்தல், பளிச்சென்ற சிரிப்பு, ராக் ஹட்சனோடு நடித்த நகைச்சுவைப் படங்கள். அந்தச் சிரிப்போடு நின்றுவிட்டால், அமெரிக்கா தந்த மிக நுட்பமான பாடகிகளில் ஒருவரை நாம் தவறவிட்டுவிடுவோம். அவர் குரலை எங்கே அடக்குகிறார், ஏன் அடக்குகிறார் என்று கவனிக்கத் தொடங்குங்கள். மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

ஒரே ஒரு பாட்டிலிருந்து ஆரம்பிப்போம். ‘கே சரா சரா’. 1957இல் வந்த ‘ஆரவல்லி’ படத்தில் இந்த மெட்டைக் கேட்டவர்களுக்கு அது ஏற்கெனவே பழக்கம். அதன் மூலப் பாட்டு ஹிட்ச்காக் 1956இல் எடுத்த ‘த மேன் ஹூ நியூ டூ மச்’ படத்தில் இருக்கிறது. சிறுபிள்ளைப் பாட்டு என்று டோரிஸ் டேக்கு முதலில் அதில் பெரிய நாட்டமில்லை. ஆஸ்கர் விருது வாங்கி, கடைசிவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டதும் அதே பாட்டுதான்.

படத்தில் இதை அவர் இரண்டு தடவை பாடுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். முதல் தடவை மொரோக்கோவின் மராகேஷில், ஒரு ஹோட்டல் அறை. மகனைத் தூங்க அனுப்பும் நேரம். வேலைக்கு நடுவே தாய் முணுமுணுக்கும் பாட்டு. குரலில் கனமே இல்லை. பையனும் சேர்ந்து பாடுகிறான். இரண்டாவது தடவை லண்டனில், ஒரு தூதரக மாளிகை. கடத்தப்பட்ட அதே மகன் மாடியில் எங்கோ அடைபட்டிருக்கிறான். விருந்தினர்கள் பாடச் சொல்கிறார்கள். பியானோ முன் உட்கார்ந்து அவர் இதே பாட்டை எடுக்கிறார், இந்த முறை உரக்க. அந்தக் கூடத்துக்குத் தேவையானதைவிட மிக உரக்க. நாகரிகமாக அமர்ந்திருப்பவர்கள் சங்கடத்தோடு பார்க்கிறார்கள். கேமரா பாட்டோடு படியேறி மேலே போகிறது. மேலே பையன் பதிலுக்குச் சீட்டியடிக்கிறான். முகத்தில் விருந்தினருக்கான சிரிப்பு, குரலில் மகனைத் தேடும் தவிப்பு: இரண்டையும் அவர் ஒருசேரச் சுமப்பதைப் பாருங்கள். தாலாட்டாக இருந்த மெட்டு, ஒரு சுரமும் மாறாமல், கூப்பாடாகிவிடுகிறது.

இந்தக் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது? 1922இல் ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டியில் டோரிஸ் காப்பல்ஹாஃப் என்ற பெயரில் பிறந்தவர் அவர். ஆசைப்பட்டது நடனக்காரியாக. 1937இல் அவர் போய்க்கொண்டிருந்த கார் மீது ரயில் மோதி வலது கால் நொறுங்கியது. படுக்கையில் கிடந்த மாதங்களில் வானொலிதான் துணை. பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் குரலோடு சேர்ந்து பாடிப் பார்த்தார். அவருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த கிரேஸ் ரெய்ன், ஆயிரம் பேர் இருந்தாலும் ஒருவர் காதில் சொல்வதுபோலப் பாட வேண்டும் என்று பழக்கினார். அந்தப் பாடம் கடைசிவரை அவரைவிட்டுப் போகவில்லை.

லெஸ் பிரவுன் இசைக்குழுவோடு பாடிய ‘சென்டிமென்டல் ஜர்னி’யில் இது தெளிவாகத் தெரியும். 1945இல், போர் முடிந்து சிப்பாய்கள் வீடு திரும்பிய காலத்தில், அமெரிக்கா முழுக்க ஒலித்த பாட்டு. கேட்கும்போது வரிகளின் முடிவை மட்டும் கவனியுங்கள். நீளமான கார்வையில் முதலில் குரல் அசையாமல் நிற்கும். விடுவதற்குச் சற்று முன்புதான் மெல்ல அதிரும். மூச்சு எடுக்கும் சத்தமே காதில் விழாது. ஆனால் குரலிலேயே ஒரு மூச்சு கலந்திருக்கும். மைக் என்ற கருவியை இவ்வளவு நெருங்கிப் புரிந்துகொண்டவர்கள் குறைவு.

முழுக் குரலில் பாடினால் எப்படியிருக்கும் என்பதற்கு 1953இல் வந்த ‘கலாமிட்டி ஜேன்’ படத்தின் ‘சீக்ரெட் லவ்’. இதுவும் ஆஸ்கர் வாங்கிய பாட்டு. பாதிவரை மனசுக்குள் பேசுவதுபோல் போய், பிறகு வெளிச்சத்துக்கு வரும். அந்த உச்சம் நம்மை உலுக்குவதற்குக் காரணம், அதுவரை அவர் சேர்த்துவைத்த அமைதி.

நடிப்புக்கு மறுபடி ஹிட்ச்காக் படத்துக்கே வாருங்கள். மருத்துவரான கணவர், ஜேம்ஸ் ஸ்டூவர்ட், மகன் கடத்தப்பட்டதைச் சொல்வதற்கு முன்பே மனைவியைத் தூக்க மாத்திரை விழுங்க வைத்துவிடுகிறார். செய்தி கேட்டு அலறும் உடம்பை மருந்து இழுத்துச் சாய்க்கிறது. ஆத்திரமும் மயக்கமும் ஒரே முகத்தில் சண்டை போடும் அந்தச் சில நிமிடங்களைப் பார்த்தவர்கள், இவரை வெறும் சிரிப்பழகி என்று சொல்ல மாட்டார்கள். அடுத்து, 1955இல் வந்த ‘லவ் மீ ஆர் லீவ் மீ’. ரூத் எட்டிங் என்ற பாடகியின் உண்மைக் கதை. அவரைத் தூக்கிவிட்டு, பிறகு பிடியில் வைத்திருக்கும் கணவனாக ஜேம்ஸ் காக்னி. என் கணக்கில் டோரிஸ் டேயின் ஆகச் சிறந்த நடிப்பு இதுதான். அவருக்கு ஆஸ்கர் பரிந்துரை இதற்குக் கிடைக்கவில்லை, 1959இன் ‘பில்லோ டாக்’ படத்துக்குத்தான் கிடைத்தது. எனக்கு இன்றும் அது வருத்தம்.

இனி பணம். அந்தக் கதை தெரிந்தால்தான் ‘கே சரா சரா’வை அவர் பிறகு பாடிய விதம் புரியும். 1960, 62, 63, 64 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவின் வசூல் நட்சத்திரங்களில் முதலிடம் அவருக்கு. சம்பாத்தியம் முழுவதையும் மூன்றாவது கணவர் மார்ட்டின் மெல்ச்சரும், ஜெரோம் ரோசந்தால் என்ற வழக்கறிஞரும் பார்த்துக்கொண்டார்கள். 1968இல் மெல்ச்சர் இறந்த பிறகுதான் கணக்கு வெளியே வந்தது. சுமார் 2 கோடி டாலர் எண்ணெய்க் கிணறுகளிலும் ஹோட்டல்களிலும் கரைந்து போயிருந்தது. மிச்சம், 5 லட்சம் டாலர் கடன். போதாக்குறைக்கு, அவரைக் கேட்காமலே ஒரு தொலைக்காட்சித் தொடருக்கும் மெல்ச்சர் ஒப்புக்கொண்டிருந்தார்.

துக்கம் ஆறுவதற்குள் அந்தத் தொடரில் நடிக்கப் போனார். பாத்திரமும் ஒரு விதவை; இரண்டு பிள்ளைகளோடு தந்தையின் பண்ணைக்குத் திரும்புபவள். ‘த டோரிஸ் டே ஷோ’ 1973 வரை 5 ஆண்டுகள் ஓடி, கடனை அடைக்க வழிசெய்தது. அதன் தலைப்புப் பாட்டு ‘கே சரா சரா’. என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு அதைக் கேட்டுப் பாருங்கள். குரலில் ஒரு துளி தன்னிரக்கம் கண்டுபிடிக்க முடியாது. ரோசந்தால் மீது போட்ட வழக்கில் 1974இல் நீதிமன்றம் 2 கோடியே 28 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. கைக்கு வந்தது அதில் ஒரு பகுதிதான். பிறகு கலிஃபோர்னியாவின் கார்மெலில் குடியேறி, நாய்களுக்காகவும் பூனைகளுக்காகவும் அறக்கட்டளை தொடங்கினார். 2019இல், 97 வயதில் இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய பொருள்கள் ஏலத்துக்கு வந்தபோது அந்தத் தொகையும் அறக்கட்டளைக்கே போனது.

அறுபதுகளின் பிற்பாதிப் படங்களை அவசரப்பட்டுப் பார்க்க வேண்டாம். கதை அவருக்கு ஈடுகொடுக்காது. அந்த நேரத்தை ‘டூயட்’ என்ற இசைத்தட்டுக்குக் கொடுங்கள். 1962இல் வந்தது, பெரிய வாத்தியக் கூட்டம் கிடையாது, ஆந்த்ரே பிரெவினின் பியானோ, பாஸ், டிரம்ஸ் அவ்வளவுதான். ஒளிந்துகொள்ள இடமில்லாத குரல். முதல் பாட்டான ‘குளோஸ் யுவர் ஐஸ்’ஸை ஒருமுறை அவருக்காகக் கேளுங்கள். அடுத்த முறை பியானோவை மட்டும் பின்தொடருங்கள்: அவர் ஒரு சொல்லைத் தாமதித்து வைக்கும்போதெல்லாம் பிரெவின் கையை எடுத்துக்கொண்டு காத்திருப்பது கேட்கும்.