மாறாத கடல்: இரண்டு நெய்தல் நாவல்களை மீண்டும் படிக்கையில்

கடலிலிருந்து நெடுந்தொலைவில், ஜவ்வாது மலையின்மேல் இருந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். நம் பங்கைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடி மக்களுள் பலர் கடலைக் கண்ணால் கண்டதில்லை. சாமையும் கேழ்வரகும் விதைத்து, புளியும் தேனும் எடுத்து வாழ்பவர்கள் அவர்கள். ஆயினும் இம்மலையில் பிறக்கும் செய்யாறு பாலாற்றோடு கலந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலைச் சேர்கிறது என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறோம். அத்தொடர்பு பின்னர் நமக்குத் தேவைப்படும்.

சென்ற மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டபோது, நான்கு நாள்கள் பங்கு இல்லத்திலேயே தங்க நேர்ந்தது. அப்போது அலமாரியிலிருந்த இரண்டு நாவல்களை மீண்டும் படித்தோம். ஒன்று வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', 1977இல் வெளிவந்தது. மற்றொன்று ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு', 2004இல் வெளிவந்தது. இரண்டும் நம் கத்தோலிக்கக் கடலோர மக்களின் வாழ்வைப் பேசுபவை. முன்னது கிறிஸ்தவரல்லாத ஒருவர் பரிவோடு எழுதியது. பின்னது அம்மக்களுள் ஒருவராகப் பிறந்தவர் எழுதியது. இவற்றின் இலக்கியத் தகுதி ஐயத்துக்கு இடமற்றது. எனினும் இம்முறை படிக்கையில், முன்பு நமக்குத் தோன்றாத ஒரு கேள்வி தோன்றியது. இந்நாவல்களில் மனிதர் மாறுகிறார்கள், படகுகள் மாறுகின்றன, விலைகள் மாறுகின்றன. கடல் மாறுகிறதா?

'கடல்புரத்தில்' மணப்பாட்டுக் கரையில் நிகழ்கிறது. குரூஸ் மிக்கேல் தம் வள்ளத்தை விற்க மனமின்றித் தவிக்கிறார். படித்து ஆசிரியரான மகன் செபஸ்தியோ, வீட்டையும் வள்ளத்தையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி வற்புறுத்துகிறான். ஊரில் லாஞ்சுக்காரர்களுக்கும் நாட்டு வள்ளக்காரர்களுக்கும் பகை மூள்கிறது. பிலோமியின் துயரம் இவற்றுக்கிடையே மெல்லிய இழையாக ஓடுகிறது. சிறிய நாவல்தான், ஆனால் தமிழில் இத்துணைக் குறைந்த சொற்களில் இத்துணைத் துயரத்தைச் சொன்ன நூல்கள் சிலவே. இதில் பகை என்பது லாஞ்சு. இழப்பு என்பது வள்ளம். கடலோ அசையாத பின்புலமாக நிற்கிறது. வள்ளம் கைவிட்டுப் போனாலும் கடல் அங்கேயே, அப்படியே இருக்கும் என்னும் நம்பிக்கை குரூஸ் மிக்கேலுக்கு மட்டுமன்று, ஆசிரியருக்கும் இருக்கிறது. படித்த நமக்கும் இருந்தது.

'ஆழி சூழ் உலகு' இதற்கு மாறாகக் கடலை முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. கோத்ரா, சூசை, சிலுவை என்னும் மூவர் நடுக்கடலில் உயிருக்குப் போராடுவதை அடித்தளமாக வைத்து, 1933 முதல் 1985 வரையிலான ஆமந்துறை ஊரின் கதை சொல்லப்படுகிறது. இக்கடல் கொல்லும் கடல். ஆனால் இங்கேதான் நாம் முன்பு கவனிக்கத் தவறிய நுட்பம் உள்ளது. இது அறியக்கூடிய கடல். வாடையும் கொண்டலும் கச்சானும் சோழகமும் எப்போது எழும், நீவாடு எப்பக்கம் இழுக்கும், கரையிலுள்ள கோயில் கோபுரத்தை எதனோடு சேர்த்து நோக்கினால் எந்தப் பார் அடியில் கிடக்கும் என்னும் கல்வி, தந்தையிடமிருந்து மகனுக்குப் போய்ச்சேரும் உலகம் அது. ஒருவன் இறந்தால் அவன் துணிந்ததனாலோ, பிழைத்ததனாலோ, விதியினாலோ இறக்கிறான். கடல் தன் சொல்லை மீறுவதில்லை. நெய்தல் மக்களின் வீரம் என்று நாம் மேடைகளில் வியந்து பேசியதெல்லாம் இந்த உடன்படிக்கையின்மேல் எழுந்ததே. கடல் கொடியது, ஆனால் நம்பத்தக்கது.

இந்த இரண்டாவது பாதி இன்று உடைந்திருக்கிறது.

2017 நவம்பர் 29ஆம் நாள் இலங்கைக்கு அருகே தாழ்வு மண்டலமாக உருவான ஒக்கி, மறுநாளே குமரி முனைக்கு அண்மையில் புயலாக வலுப்பெற்றது. புயல் என்றால் வங்கக் கடல் என்பதுதான் நம் நாட்டின் பழைய பாடம். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள், வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்ய அரபிக் கடலின் உள்ளே நெடுந்தொலைவு போயிருந்தனர். எச்சரிக்கை வந்தபோது அது அவர்களை எட்ட வழியில்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. ஒரு தனிப் புயலைச் சுட்டி, இது வெப்பமாதலின் விளைவே என்று கூற அறிவியலார் தயங்குவர், அத்தயக்கம் நேர்மையானது. ஆனால் கடல்நீர் வெப்பமடையுந்தோறும் புயலுக்கு ஊட்டம் கூடுகிறது என்பதிலும், அண்மைப் பத்தாண்டுகளில் அரபிக் கடலில் கடும்புயல்கள் பெருகியுள்ளன என்பதிலும் அவர்களுக்குத் தயக்கமில்லை.

அந்த டிசம்பரில், குருமடத்தில் நம்மோடு பயின்ற நண்பர் ஒருவரின் அழைப்பின்பேரில் அக்கரைக்குச் சென்று, உடலில்லாத அடக்கத் திருப்பலி ஒன்றில் மறையுரை ஆற்றினோம். பீடத்தின்முன் பெட்டி இல்லை. ஒரு நிழற்படமும் மெழுகுவத்தியும் இருந்தன. யோபுவை நினைவூட்டி, கொடுத்த கடலே எடுத்துக்கொண்டது என்னும் பொருளில் உருக்கமாகவே பேசினோம் என்று அன்று எண்ணிக்கொண்டோம். வழிபாடு முடிந்து வெளியே வந்தபோது ஒரு மூதாட்டி நம் கையைப் பற்றி, "சாமி, கடலு எடுக்கல்ல. எம் மவனுக்குக் கடலத் தெரியும். இது அவனுக்குத் தெரிஞ்ச கடலு இல்ல சாமி" என்றார். அதை நாம் ஒரு தாயின் புலம்பல் என்றே அன்று எடுத்துக்கொண்டோம். ஏழெட்டு ஆண்டுகள் கழித்து, மலைமேல் நாவல் படிக்கும்போதுதான் அது புலம்பலன்று, திறனாய்வு என்று விளங்கியது. நம் மறையுரையில் இருந்தது 'ஆழி சூழ் உலகி'ன் கடல். அவர் பேசியது வேறொரு கடலைப் பற்றி.

அவர் சொன்னதற்குச் சான்று புயலில் மட்டுமில்லை; நாள்தோறும் வலையில் வருவதிலும் வராததிலும் இருக்கிறது. மலபார்க் கரைக்கே சிறப்பாக உரியது எனக் கருதப்பட்ட நெய்ச்சாளை, 1980களின் பிற்பகுதி முதல் கிழக்குக் கரையிலும் மிகுதியாகப் படலாயிற்று. நீர் வெப்பமாதலோடு இதனைத் தொடர்புபடுத்திக் கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் எழுதியுள்ளனர். அதே மீன் கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 இலட்சம் டன் கிடைத்தது. 2021இல் சுமார் 3,300 டன்னாக வீழ்ந்தது. அளவுமீறிய பிடிப்பும் இதற்குக் காரணமே. எனவே லாஞ்சைப் பகைத்த குரூஸ் மிக்கேலின் சினம் பொருளற்றுப் போகவில்லை. மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளோ 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் வெப்பத்தில் வெளுத்தன. பவளம் வெளுத்தால் அதை அண்டிக் குஞ்சு பொரிக்கும் மீன் எங்கே போகும்? தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு 1969இல் 15 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது. பின்னர் ஒன்றிரண்டு ஹெக்டேராகச் சுருங்கி, செயற்கைத் திட்டுகளை நீருக்குள் இறக்கிக் காக்க வேண்டிய நிலைக்கு வந்தது. சுண்ணாம்புக்காகவும் வீடு கட்டவும் நெடுங்காலம் பவளக்கல்லை வெட்டியெடுத்தவர்களும் நாமே என்பதை மறைக்கலாகாது.

உலகளவில் 1901க்கும் 2018க்கும் இடையே கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆயினும் வள்ளம் இழுத்து வைக்கவும் வலை உலர்த்தவும் கருவாடு காயப்போடவும் ஒரு கீற்று மணல் மட்டுமே உடைய ஊருக்கு அது சிறிதன்று. அந்த மணலுக்கோ வேறு பகைவரும் உண்டு. ஆற்று மணல் அள்ளப்பட்டும் அணைகளில் தேங்கியும் கடலை எட்டாமற்போகிறது. செய்யாறும் பாலாறும் இதற்கு விலக்கல்ல. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகம் அமைந்தபின், கரையோரம் வடக்கே நகரும் மணல் தடைப்பட்டு, நகரின் கடற்கரையும் அதற்கு வடக்கேயுள்ள மீனவர் குப்பங்களும் அரிக்கப்பட்டன. தூண்டில் வளைவு கேட்டு ஓர் ஊர் போராடிப் பெற்றால், அடுத்த ஊரின் மணல் போகிறது, அவ்வூரும் போராடுகிறது. குமரியிலும் நெல்லையிலும் பல பங்குத்தந்தையரின் பணிநேரத்தில் பாதி இந்த மனுக்களில் கழிகிறது.

இவற்றையெல்லாம் அடுக்கி, நாவலாசிரியர்கள் இதை ஏன் எழுதவில்லை என்று குற்றம் சாட்டுவது நம் நோக்கமன்று. 1985இல் முடியும் கதையில் 2017ஐத் தேடுவது அறிவீனம். தம் காலத்தின் கேட்டை அவர்கள் சரியாகவே இனங்கண்டார்கள். கேடு கரையில் இருந்தது: பேராசையில், தரகில், பிளவில், சில வேளைகளில் பங்குத்தந்தையின் இல்லத்திலும். (இக்கடைசியைப் படித்துச் சினந்த குருக்களை நாம் அறிவோம். காகு சாமியாரைப் படைத்த அதே கைதான் அதையும் எழுதியது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கலாம்.) நம் குறை அவர்கள்மேல் அன்று, அவர்கள் வரைந்த கடலை நிரந்தரமானதாக எடுத்துக்கொண்ட வாசகராகிய நம்மேல்தான். ஒவ்வொரு பேரிடரிலும் நம் இதழ்களும் மறையுரைகளும் 'கடலின் சீற்றம்' என்று எழுதுகின்றன. சீற்றம் என்றால் சினம் தணியும். தணிந்தபின் பழைய கடல் திரும்பும். அச்சொல் கடலுக்குக் குணம் கற்பிக்கிறது. அதனாலேயே மனிதருக்குப் பொறுப்பு இல்லாமற்செய்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' சுற்றுமடல், கடலோரத்தில் வாழும் மக்கள்தொகையைச் சுட்டி, கடல்மட்ட உயர்வை மனிதச் செயலோடு பிணைத்தே பேசுகிறது. அதனைப் பாராட்டிக் கூட்டங்கள் நடத்திய நாம், அடக்கத் திருப்பலியில் மட்டும் சீற்றத்துக்குத் திரும்பிவிடுகிறோம்.

ஒக்கிக்குப் பிந்திய கடலைப் பேராசிரியர் வறீதையா கான்ஸ்தந்தின் போன்றோர் கட்டுரைகளில் எழுதி வருகிறார்கள். நாவல் எழுத முற்படுபவருக்குச் சிக்கல் பெரிது. குரூஸ் மிக்கேலுக்கு எதிரே ஒரு லாஞ்சை நிறுத்தலாம். அது கண்ணுக்குத் தெரியும், அதற்கு உரிமையாளன் உண்டு, அவனோடு சண்டையிடலாம். தொலைதேசத்து ஆலையின் புகையையும், நம்மூர் அனல்மின் நிலையத்தையும், மேற்கு மலையில் அள்ளப்படும் மணலையும் எந்த முகத்தோடு கதைக்குள் கொண்டுவருவது? தந்தை கற்பித்த காற்றுக் கணக்கு மகனிடம் பொய்க்கும்போது, பொய்த்தது தந்தையின் அறிவா, காற்றா? செபஸ்தி இன்று வந்து வள்ளத்தை விற்கச் சொன்னால் அவன் நன்றிகெட்ட மகனா? 1977இல் அவனை வெறுப்பது நமக்கு எளிதாக இருந்தது. இன்று, தம் பிள்ளைகள் கடலுக்குப் போக வேண்டாம் என்று தந்தையரே சொல்லக் கேட்கிறோம்.

நம் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன் ஒருவன், மேசையிலிருந்த நூலைப் பார்த்து, "இவங்களுக்கு எப்பக் கடலுக்குப் போகணும்னு எப்படித் தெரியும் ஃபாதர்?" என்று கேட்டான். காற்றைப் பார்த்து என்றோம். தன் தாத்தாவும் சாமை விதைக்கக் காற்றைத்தான் பார்ப்பார் என்றும், இப்போதெல்லாம் பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார் என்றும் அவன் சொன்னான்.

வரும் நவம்பர் 2ஆம் நாள், இறந்தோர் நினைவுத் திருப்பலிக்கு அதே கரைக்கு வரும்படி நண்பர் மீண்டும் அழைத்திருக்கிறார். பழைய மறையுரைக் குறிப்பேட்டை எடுத்து, கடல் எடுத்துக்கொண்டது என்னும் வரியை அடித்துவிட்டோம். அவ்விடத்தில் எழுத வேண்டியது இன்னும் அமையவில்லை. அந்த மூதாட்டி இருக்கிறாரா என்று நண்பரிடம் கேட்டு எழுதியிருக்கிறோம்.