அரைவேட்டி காணாமல்போன தாள்

ரூபாய் நோட்டை எண்ணுகிறோம், வாசிப்பதில்லை. அரசு தினமும் நம் கையில் திணிக்கிற பிரதி அது, வாசித்துத்தான் பார்ப்போமே.

1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தி சட்டையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறினார். இந்தச் சுற்றுவட்டாரத்துக் கூலி விவசாயியின் உடை அது. 1996இல் தொடங்கிய காந்தி வரிசைத் தாள்களுக்கு எடுத்துக்கொண்டது 1946ஆம் வருஷத்துப் புகைப்படம் ஒன்று. அதிலும் முகத்தையும் தோளையும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டார்கள். மதுரை கொடுத்த அரைவேட்டி சட்டகத்துக்கு வெளியே. மிஞ்சியது ஒரு சிரிப்பு.

ஆனால் அந்த வரிசையின் 500 ரூபாய்த் தாளைத் திருப்பினால் காந்திக்குக் கால்கள் இருந்தன. தண்டி யாத்திரைச் சிற்பம். செய்தவர் நம் மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்த அதே தேவி பிரசாத் ராய் சௌத்ரி. குனிந்து நடக்கும் உடல்கள், பின்னால் ஒரு கூட்டம். 2016 நவம்பர் 8 ராத்திரி அந்தத் தாள் செல்லாது என்று அறிவித்தார்கள். புது 500இல் அதே இடத்தில் செங்கோட்டை வந்தது. ஓரத்தில் தூய்மை இந்தியா முத்திரையாக ஒரு மூக்குக்கண்ணாடி. நடந்த கூட்டம் போய்க் கோட்டை வந்ததை வெறும் வடிவமைப்பு விஷயம்னு என்னால் ஒதுக்க முடியவில்லை.

மொழிக்கு வருவோம். பின்பக்கக் கட்டத்தில் 15 மொழிகள், ஆங்கில அகரவரிசைப்படி. தமிழ் 13ஆவது. அங்கே 'ஐந்நூறு ரூபாய்' என்று தொகை மட்டும் உண்டு. 'தருவதாக உறுதி கூறுகிறேன்' என்ற வாக்கு முன்பக்கத்தில் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான். தமிழில் விலை சொல்வார்கள், வாக்குக் கொடுக்கமாட்டார்கள்.

அந்த 2016லேயே புது 2000 ரூபாய்த் தாளில் தேவநாகரி எண்கள் இருப்பது அரசியல் சட்டத்தின் 343ஆம் பிரிவுக்கு முரண் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குப் போனது. அந்தப் பிரிவு சர்வதேச வடிவ எண்களைத்தான் சொல்கிறது. நியாயமான வழக்கு. 2000 ரூபாய்த் தாளை 2023 மே மாதம் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது; மற்ற புதுத் தாள்களில் அந்த எண்கள் இன்னும் இருக்கின்றன. என் மனக்குறை, நம் மொழி அரசியல் எண்ணோடு நின்றுவிடுகிறது என்பதுதான். மேலூரிலும் உசிலம்பட்டியிலும் சுருக்குப்பையில் முடிந்துவைத்த தாளோடு வங்கி வாசலில் கால்கடுக்க நின்றார்களே பெண்கள், அவர்களுக்குப் புரியாத இரண்டு மொழிகளில் எழுதிய வாக்கு அது. ஒரே ராத்திரியில் அதற்குக் கெடு வைத்ததும் அவர்களைக் கேட்டு இல்லை.