கட்டருக்குக் கண் கூசுகிறது

வினைல் ஸ்டிக்கர் போட இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த பிரிண்டர் வாங்கலாம்?" என்பதைத்தான். அதற்குப் பதில் ஒரு பத்தியில் முடிந்துவிடும். மிச்சமெல்லாம் வெட்டுகிற மெஷினைப் பற்றிய புலம்பல்.

பிரிண்டர், எப்சன் எல்8050. நான் எப்போதுமே எப்சன் கட்சி, மறைக்கவில்லை. டேங்கில் மை ஊற்றுகிற ஆறு கலர் மெஷின். விலை ₹20,000-ஐத் தாண்டும். இதற்கு முந்தைய எல்805, போட்டோ ஸ்டூடியோக்களில் பாஸ்போர்ட் படம் அடித்தே பேர் வாங்கியது. ஹெட் மையைச் சூடாக்காமல் தள்ளுகிற ரகம் என்பதால் பலவகை மை தாங்கும். டி-ஷர்ட்டுக்கு சப்ளிமேஷன் அடிக்கிறவர்கள் எப்சனை விடாமல் இருப்பதும் அதனால்தான். கலர் அருமை. பின்பக்கமாக ஷீட் விடலாம் என்பதால் தடித்த வினைல் மடங்காமல் போகிறது. உஷாராக இருக்க வேண்டியது ஷீட் வாங்கும்போதுதான். ரேடியம் கடையில் ரோலாகக் கிடைக்கிற சாதா வினைலில் இந்த மை பிடிக்காது. முத்து முத்தாக நின்று, தொட்டால் விரலோடு வந்துவிடும். மேலே பூச்சு பூசிய இங்க்ஜெட் வினைல் என்று கேட்டு வாங்குங்கள். ஏ4 ஒன்று இருபது, முப்பது ரூபாய் ஆகும். ஆபீசில் லேசர் பிரிண்டர் சும்மாதானே கிடக்கிறது என்று அதில் விட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் சூட்டுக்கு பிவிசி இளகி உருளையில் சுற்றிக்கொள்ளும்.

காங்கயம் பக்கத்தில் செக்கு போட்டிருக்கும் என் பெரியப்பா மகனுக்காகத்தான் இந்த வேலையில் இறங்கினேன். தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய் மூன்றும் அரை லிட்டரிலும் ஒரு லிட்டரிலும் போகும். சிவகாசிக்கு ஆர்டர் கொடுத்தால் ஆயிரத்துக்குக் குறைந்து கட்டுப்படியாகாது. 2025இல் கொப்பரை ஏறின ஏற்றத்தில், விலையோடு சேர்த்து அச்சடித்த லேபிளெல்லாம் அண்ணனிடம் கட்டுக்கட்டாகத் தங்கிவிட்டன. பேப்பர் லேபிள் எண்ணெய்க் கை பட்டால் ஊறிப்போகும், வினைல் ஊறாது. இப்போது வேண்டும்போது ஐம்பது அடிக்கிறோம், விலை மாறினால் அடுத்த ஐம்பதில் மாற்றிக்கொள்கிறோம். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்கூடப் பொடி எழுத்தில் சுத்தமாக விழுகிறது.

இதுவரை சுகம். லேபிள் முட்டை வடிவம். அதை வெட்டியாக வேண்டும்.

பின்தாளிலிருந்து உரித்து ஒட்டுகிற, அச்சில் வெட்டிய லேபிளை 1935இல் லாஸ் ஏஞ்சலீஸில் தொழிலாக்கியவர் ஸ்டான்டன் ஏவரி. வினைலை வெட்ட வேண்டும், அடியில் இருக்கும் தாளை வெட்டக்கூடாது. இன்றைக்கும் வித்தை அவ்வளவுதான். நம் கடைகளில் ஹாஃப் கட் என்பார்கள். கத்தி நுனி வெளியே தெரிகிறதா இல்லையா என்கிற அளவுக்கு நீட்டி, ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் வெட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினால் அது ஒரு மாலையில் கைவந்துவிடும்.

கைவராதது குறி பார்ப்பது. நான் வாங்கிய மேஜைக் கட்டர், ஒரே சீன மெஷின் பல பெயர்களில் ஆன்லைனில் விற்கிறதே, அந்த வகை. பிரிண்டரில் அடிக்கும்போதே ஷீட்டின் மூலைகளில் கறுப்புக் குறி விழுந்துவிடும். கத்திக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு லைட்டும் சென்சாரும் உண்டு. எங்கே வெளிச்சம் திரும்பி வருகிறது, எங்கே வரவில்லை என்று பார்த்து, குறியைக் கண்டுபிடித்து, ஷீட் எவ்வளவு கோணல் என்று கணக்குப் போட்டு வெட்டும். மேட் ஷீட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. பளபளக்கிற வினைலில் கறுப்பும் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் சென்சாருக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது. தேடும், பின்னால் போகும், மறுபடி தேடும், குறி கிடைக்கவில்லை என்று ஷீட்டைத் துப்பிவிடும். துப்பினாலாவது பரவாயில்லை. கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஒரு மில்லிமீட்டர் தள்ளி வெட்டினால், ஷீட் முழுக்க ஒருபக்கம் வெள்ளைக் கோடு, மறுபக்கம் பார்டர் காணோம்.

சரி, இந்தப் பளபளப்பைக் கொடுக்கிற லேமினேஷனைப் போடாமல் விடலாமா என்றால் அதுவும் முடியாது. இந்த பிரிண்டரின் டை மை (சாய மை) வெயிலில் வெளுக்கும், ஈரக்கை பட்டால் கசியும். லேமினேஷனை வெட்டுவதற்கு முன்னால்தான் போட முடியும். ஸ்டிக்கர் நிலைக்க எது வேண்டுமோ அதுவே கட்டரின் கண்ணைக் கட்டுகிறது. கூட வந்த கையேட்டில் இதற்கு ஒரு வரிதான்: 'அறை வெளிச்சத்தைச் சரிபார்க்கவும்.' ஜன்னலைச் சாத்தி, டியூப்லைட்டை அணைத்து, இருட்டில் உட்கார்ந்து லேபிள் வெட்டிப் பார்த்தாயிற்று.

விடை காந்திபுரத்து ரேடியம் கடை ஒன்றில் கிடைத்தது. "அதுக்குக் கண்ணு கூசுதுங்க. குறி மேல மங்கல் டேப் ஒட்டிப்போட்டு உடுங்க" என்றார் கடைக்காரர். ஸ்டேஷனரி கடையில் விற்கிற, மேலே எழுத வருகிற செலோ டேப்தான். ஒவ்வொரு குறி மேலும் ஒரு துண்டு ஒட்டினேன், முதல் ஓட்டத்திலேயே பிடித்துக்கொண்டது. லேமினேஷனைக் குறிகளுக்கு உட்பக்கமாக நிறுத்திக்கொண்டாலும் போதும். ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கிற மெஷினுக்குச் சில்லறை டேப்பை நாம் ஒட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ரேடியம் கடைக்காரர்களின் அனுபவத்தை நாம் குறைவாகத்தான் மதிக்கிறோம். 2019 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் வந்துவிட்டதால் அவர்கள் பிழைப்பில் ஒரு பகுதி போயிற்று. ஆனாலும் நாமக்கல் லாரிக்கும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கும் பேர் வெட்டிப் பழகிய கை அது. தமிழ் எழுத்தை வெட்டிப் பார்த்தால்தான் அந்தக் கையின் அருமை தெரியும். கலர் வினைலில் 'தேங்காய் எண்ணெய்' என்று வெட்டினால் நான்கு புள்ளி. வேண்டாத வினைலை உரிக்கும்போது பொடிப் புள்ளிகள் அதோடு சேர்ந்து போய்விடும். சில பாண்ட்களில் கொம்பும் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்; கோரல்டிராவில் வெல்ட் செய்து ஒன்றாக்காமல் அனுப்பினால் கத்தி நடுவில் குறுக்கே கோடு போட்டுவிடும். சின்ன எழுத்தை அச்சடியுங்கள், பெரிய எழுத்தை மட்டும் வெட்டுங்கள்.

கட்டரின் சாப்ட்வேர் இணையம் இல்லாமல் ஓடுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 2021 மார்ச்சில் அமெரிக்காவின் கட்டர் கம்பெனியான கிரிகட், சந்தா கட்டாதவர்கள் மாதம் 20 டிசைனுக்கு மேல் ஏற்ற முடியாது என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் பின்வாங்கியது. காசு கொடுத்து வாங்கின மெஷினுக்குப் பூட்டு வேறொருவர் கையில் இருக்கலாம் என்பதைத்தான் அது காட்டியது.

ஏ4 ஷீட் என்பது முக்கால் சதுர அடிகூட இல்லை. நூற்றுக்கணக்கில் லேபிள் வேண்டுமானால், எக்கோ சால்வென்ட் மெஷின் வைத்திருக்கும் கடைகள் சதுர அடிக் கணக்கில் இதைவிட மலிவாக, வெயிலை இன்னும் நன்றாகத் தாங்குகிற மாதிரி அடித்து வெட்டியும் தருவார்கள். அங்கே போய்விடுவது புத்திசாலித்தனம். ஐம்பது, அறுபது என்று அடிக்கடி மாறுகிற லேபிளுக்குத்தான் இந்த வீட்டு ஏற்பாடு.

என் தீர்ப்பு: பிரிண்டரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கட்டரை உடனே வாங்க வேண்டாம். முதல் சில மாதம் குறிகளோடு அடித்து, குறி பார்க்கிற பிளாட்டர் வைத்திருக்கும் ரேடியம் கடையில் கொடுத்து வெட்டிக்கொள்ளுங்கள். வாராவாரம் வேலை வருகிறது என்று உறுதியானபின், லேமினேஷன் போட்ட உங்கள் சொந்த ஷீட் ஒன்றை எடுத்துக்கொண்டு கட்டர் விற்கிறவரிடம் போய், கண்ணெதிரே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். டேப் ஒட்டாமல்.